பல்லுக்குப் பல்: அரை இஞ்ச் குழாய் மரையும் மாற்றுப் பல்சக்கரங்களும் குறித்த ஓர் ஆய்வு

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான நிலப்பரப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலீடு, வேலைவாய்ப்பு, நிலத்தின் விலை, ஷிஃப்ட் பஸ் நெரிசல் என்று பெரிய விஷயங்களையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அதே வட்டாரத்தில் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன லேத்தைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஆறுவதுகூடத் தெரியாமல், எந்தப் பல்சக்கரத்தோடு எதைக் கோத்தால் மரை சரியாக விழும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் மனிதரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெருங்குறையை நீக்க எழுந்ததே இந்நூல். நூல் என்பது மிகை என்றால் கட்டுரை என்று கொள்க.

ஆய்வுக்களம் படப்பைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. மாதிரியின் அளவு ஒன்று: ஒரு லேத், ஒரு குழாய், ஒரு மனிதர். மாதிரி போதாது என்று ஆட்சேபிப்போருக்கு விடை, அந்த வீட்டில் குளியலறையும் ஒன்றுதான். ஆய்வு அறம் கருதி மனிதரின் பெயர் மறைக்கப்படுகிறது. இனி அவர் 'ஆய்வுக்குரியவர்'.

ஆய்வுக்குரியவர் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். அங்கே உள்ள சி.என்.சி. லேத்துகளில் மரை வெட்டுவது இரண்டு வரிச் சமாசாரம். ஜி 76 என்று தொடங்கி, மரையின் ஆழம், இடைவெளி இத்தியாதிகளைத் தட்டிவிட்டால் போதும். வேலைத்துண்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் எத்தனை சுற்று சுற்றியது என்பதை என்கோடர் எண்ணிச் சொல்ல, சர்வோ மோட்டார் அதற்கு இசைவாக டூலை நகர்த்திக்கொண்டு போகும். போல்ட்டுகளுக்கு இந்தப் பாடுகூடக் கிடையாது. கார் கம்பெனிகளுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் போல்ட்டுகளில் பெரும்பாலானவற்றின் மரை வெட்டப்படுவதே இல்லை. இரண்டு டைகளுக்கு நடுவே கொடுத்து உருட்டி, நசுக்கி எடுக்கப்படுகிறது. வேகமும் கூடுதல், பலமும் கூடுதல். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இவற்றில் எந்த உற்பத்தி வரிசையிலும் ஒருவர் ஸ்பானரை எடுத்து 40 பல் சக்கரத்தைக் கழற்றி 45 பல் சக்கரத்தை மாட்டுவது கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் அந்தக் காரியத்தை ஒருவர் செய்கிறார் என்றால், மரை கழண்ட கேஸ் என்று அக்கம்பக்கத்தார் நினைப்பது இயல்பே. ஆனால் கழண்டிருந்தது குளியலறைக் குழாயின் மரை.

சுவருக்குள் இருக்கும் பைப்பையும் குழாயையும் சேர்க்கிற பித்தளைத் துண்டு தேய்ந்து, தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடையில் அந்தத் துண்டு தாராளமாகக் கிடைக்கும். அதை வாங்குவது ஆய்வு முறைமைக்குப் புறம்பானது என்பதால் அந்த வழி இங்கே பரிசீலிக்கப்படவில்லை.

இனி மரையின் வரலாறு. அரை இஞ்ச் குழாய் மரை என்று நாம் சொல்வதில் எங்கே அளந்தாலும் அரை இஞ்ச் அகப்படாது. அதன் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; அதாவது முக்கால் இஞ்ச்சுக்கும் மேலே. அரை இஞ்ச் என்பது ஒரு காலத்தில் இரும்புக் குழாயின் உள்வாய் அளவாக இருந்து, இப்போது வெறும் குலப்பெயராகிவிட்டது. ஒரு இஞ்ச் நீளத்தில் 14 மரை. மரையின் கோணம் 55 டிகிரி. இந்த 55-ஐ வகுத்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர், 1841-ல். அவர் முன்பு லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். டூலை நகர்த்தும் நீண்ட திருகை, அதாவது லீட் ஸ்க்ரூவை, மாற்றாமல், பல்சக்கரத்தை மட்டும் மாற்றி விதவிதமான மரைகளை வெட்டலாம் என்பதை 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் லேத்தில் நிலைநாட்டியவர் அந்த மாட்ஸ்லே. ஆகவே படப்பைக் குளியலறையில் சொட்டுவது லண்டன் குருபரம்பரை.

சுதந்திர இந்தியா 1956-ல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சேர் போயிற்று, வீசை போயிற்று, மணங்கு போயிற்று. குழாய் மட்டும் போக மறுத்துவிட்டது. பகலெல்லாம் மில்லிமீட்டரில், மைக்ரானில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் இரவில் கை கழுவுவது இஞ்ச்சில்தான். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் இந்தத் துக்கம் தெரியும். அந்த வண்டியின் நட்டுகளில் பல, மில்லிமீட்டர் ஸ்பானருக்குப் பிடிகொடுக்காது. அது தனி ஆய்வு.

இப்போது சிக்கல் தெளிவாகிறது. வெட்ட வேண்டியது இஞ்ச் மரை. ஆய்வுக்குரியவரின் லேத்தோ மில்லிமீட்டர் ஜாதி. அதன் லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் டூல் 1.5 மி.மீ. நகரும். ஸ்பிண்டிலுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் இடையே பல்சக்கரங்களைக் கோத்து, ஸ்பிண்டில் ஒருமுறை சுற்றும்போது டூல் 25.4-ல் பதினாலில் ஒரு பங்கு, அதாவது 1.8143 மி.மீ., நகரும்படி செய்ய வேண்டும். இதற்கான விதியை நூற்பாவாகத் தருகிறோம்:

வெட்டும் மரையிடை மேலே வைத்து
ஓட்டும் திருகிடை கீழே வைத்து
வகுத்த பின்னமே பல்லின் கணக்கே.

இந்நூற்பாவை இயற்றியவர் இக்கட்டுரையாளரே. உரை எழுதுபவரும் அவரே. ஆகவே பாடபேதம் கிடையாது. முதலிரண்டு அடிகளின் எதுகையில் ஒன்று குறிலும் ஒன்று நெடிலுமாக நிற்கிறதே என்று புலவர்கள் கேட்கக்கூடும். எதுகைக்கும் டாலரன்ஸ் உண்டென்க. பொருள்: வெட்ட வேண்டிய மரையின் இடைவெளி மேலே, லீட் ஸ்க்ரூவின் இடைவெளி கீழே. கிடைக்கும் பின்னத்தில் மேலே நிற்பவை ஓட்டும் சக்கரங்களின் பற்கள், கீழே நிற்பவை ஓடும் சக்கரங்களின் பற்கள். நடுவில் ஒரு சக்கரத்தைச் சும்மா செருகினால் அது ஐட்லர். தூரத்தை நிரப்பும், திசையை மாற்றும், கணக்கில் சேராது. எல்லா ஆபீசிலும் இருப்பவரே.

நம் குழாய்க்கு இந்தப் பின்னத்தைப் போட்டால் வருவது 127-ன் கீழ் 105. இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. அதை ஐந்தால் பெருக்கினால் 127. இந்த 127 ஒரு பகா எண். இரண்டு சின்னச் சக்கரங்களாகப் பிரித்து மாட்டலாம் என்ற பாச்சா அதனிடம் பலிக்காது. இஞ்ச்சையும் மில்லிமீட்டரையும் ஒரே லேத்தில் துல்லியமாகச் சேர்த்துவைக்க வேண்டுமென்றால் 127 பல் கொண்ட ஒரு சக்கரம் கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்தே தீரவேண்டும். ஐ.டி.ஐ. டர்னர் பாடத்தில், 20 முதல் 120 வரை ஐந்தைந்தாகப் போகிற சக்கர வரிசையின் கடைசியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு 127 நிற்பது இதனால்தான். இஞ்ச்சுக்கு நான்கு மரை உள்ள லீட் ஸ்க்ரூ கொண்ட பழைய லேத்தில் 2 மி.மீ. மரை போடச் சொல்வது நல்ல பரீட்சைக் கேள்வி. விடை 40-ன் கீழ் 127. ஒரே ஜோடி, இம்மி பிசகாது.

127-ன் பக்தர்கள் அறியாத ரகசியம் ஒன்றுண்டு. 1959-க்கு முன் அந்தச் சக்கரமும் கொஞ்சம் பொய்தான். அமெரிக்க இஞ்ச் அப்போது 25.4-ஐவிடப் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கூடுதல். பிரிட்டிஷ் இஞ்ச் ஒரு மயிரிழை குறைவு. ஸ்வீடன்காரர் யோஹான்சன் தம் அளவுக்கட்டைகளை 25.4 என்றே வைத்துக்கொண்டு விற்றார். தொழிற்சாலைகள் அவர் பின்னால் போயின. கடைசியில் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி, 1959-ல் இஞ்ச் என்றால் சரியாக 25.4 மி.மீ. என்று முடிவுகட்டின. சக்கரத்துக்கு ஏற்ப இஞ்ச்சைத் திருத்தினார்கள் என்று சொல்ல இக்கட்டுரையாளருக்கு ஆசை. ஆனால் ஆய்வு நெறி தடுக்கிறது.

இந்தப் பின்னத்தை எப்படி அடைவது என்பதில் அறிஞர்கள் பிளவுபட்டிருக்கிறார்கள். ராமாநுஜர் அவதரித்த ஊரை ஒட்டி நடக்கும் ஆய்வு என்பதால், அவருக்குப் பின் அவர் வழியினரிடையே எழுந்த உவமையையே கையாள்வோம். முதல் கட்சி குரங்குக்குட்டிக் கட்சி. குட்டிதான் தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாளும் பென்சிலும் எடுத்துப் பின்னத்தை உடைத்து, பெருக்கி, முயன்று பார்க்க வேண்டும். இரண்டாவது பூனைக்குட்டிக் கட்சி. தாய் கவ்விக்கொண்டு போகும். நாம் சும்மா இருந்தால் போதும். லேத்தின் பக்கவாட்டு மூடிக்குள் ஒட்டியிருக்கும் அட்டவணையை நம்புகிறவர்கள் இந்தக் கட்சி. அமெரிக்கரான நார்ட்டன் 1892-ல் காப்புரிமை பெற்ற கியர் பாக்ஸ், அதாவது நெம்புகோலைத் தள்ளினாலே மரை மாறும் பெட்டி, இக்கட்சியின் பெருங்கோயில். பெங்களூர் ஹெச்.எம்.டி., ஹரிஹர் கிர்லோஸ்கர் லேத்துகளில் பழகியவர்கள் பெரும்பாலும் இதில் தீட்சை பெற்றவர்களே. பல்சக்கரத்தையே தூக்கி எறிந்துவிட்டு, ஸ்பிண்டிலில் என்கோடரும் லீட் ஸ்க்ரூவில் ஸ்டெப்பர் மோட்டாரும் மாட்டிக்கொள்ளும் மூன்றாவது கூட்டம் ஒன்று இப்போது தலையெடுத்திருக்கிறது. அவர்கள் புறச்சமயத்தார். அவர்களை மறுத்து நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

ஆய்வுக்குரியவர் பிறவியில் பூனைக்குட்டிதான். மூடியைத் திறந்து அட்டவணையைப் பார்த்தார். மில்லிமீட்டர் வரிசை முழுதாக இருந்தது. இஞ்ச் வரிசையில் 14 இருந்த இடத்தில் கிரீஸ் இருந்தது. துடைத்ததும் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தக் கணத்தில் அவர் கட்சி மாறினார்.

பூர்வபட்சம்: 127 வாங்கிவிடலாமே? 127-ம் 40-ம் ஓட்ட, 70-ம் 60-ம் ஓட, கணக்கு துல்லியமாக 127-ன் கீழ் 105-க்கு வந்துவிடும். மறுப்பு: இத்தகைய சின்ன லேத்தின் சக்கரங்களின் பல்லளவு ஒரு மாட்யூல். அந்த அளவில் 127 பல் சக்கரத்தின் வெளிவிட்டம் 129 மி.மீ. மாட்டலாம், மூடி மூடாது. மூடி இல்லாமல் பல்சக்கரம் ஓடுகிற இடத்தில் லுங்கி கட்டிக்கொண்டு நிற்பதை எந்த சம்பிரதாயமும் அனுமதிக்கவில்லை.

சித்தாந்தம்: லேத்தோடு வந்த சக்கரங்கள் 20 முதல் 80 வரை, ஐந்தைந்தாக. அவற்றுக்குள்ளேயே துழாவ வேண்டும். நோட்டில் ஒரு பக்கம் தீர்ந்த பிறகு கிடைத்த விடை இது: 50-ம் 55-ம் ஓட்ட, 35-ம் 65-ம் ஓட. பெருக்கி வகுத்தால் 1.2088, வேண்டியது 1.2095. வெட்டப்படும் மரையின் இடைவெளி 1.8132 மி.மீ.; வேண்டியது 1.8143. ஒரு மரைக்கு ஒரு மைக்ரான் சொச்சம் குறைவு. பித்தளைத் துண்டில் மரை ஓடுவது பதினைந்து மில்லிமீட்டர். அதில் எட்டு மரை. எட்டையும் கூட்டினாலும் பிழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தொடவில்லை.

நான்கு சக்கரங்களை நான்கு இடங்களில் 24 விதமாக மாட்டலாம். சரியானவை நான்கே. ஓட்டுபவை தமக்குள் இடம் மாறலாம், ஓடுபவை தமக்குள் இடம் மாறலாம். ஓட்டுபவை ஓடுபவையாகக் கூடாது. அப்படித் தலைகீழாக மாட்டினால் விழும் மரை 1.241 மி.மீ. இது எட்டு மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளியான 1.25-க்கு மிகப் பக்கம். தப்பிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது பாருங்கள்.

கணக்கு முடிந்த இடத்தில்தான் தொழில் ஆரம்பிக்கிறது. அம்பத்தூரில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வந்து நின்று கேட்ட முதல் கேள்வி இது.

"தம்பி, கணக்கு சரி. கியர் உள்ள உக்காருமா?"

"உக்காரும்ணே. ரெண்டாவது தண்டுல 35-ஐயும் 55-ஐயும் சேத்துப் போட்டுட்டேன். எந்தக் கியரும் பக்கத்துத் தண்டுல இடிக்கல."

"பேப்பர் வச்சியா?"

பேப்பர் வைப்பது பல்சக்கர சாஸ்திரத்தின் உச்சம். இரண்டு சக்கரங்களின் பற்களை இறுக்கிக் கோத்துவிட்டால் கத்தும், தேயும். தளர்த்திக் கோத்தால் கடகடக்கும். ஆகவே செய்தித்தாளில் ஒரு விரற்கடை அகலத்துக்குக் கிழித்து, இரண்டு பற்களுக்கு நடுவே கொடுத்து, சக்கரங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும். பிறகு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால், தாள் படிக்கட்டு படிக்கட்டாக மடிப்பு விழுந்து மறுபக்கம் வெளியே வரும். மடிப்பு விழுந்தும் கிழியாமல் வந்தால் கோப்பு சரி. கிழிந்தால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அன்று உள்ளே போனது ராசிபலன் பக்கம். துலாம் ராசி மட்டும் கிழிந்தது. மறுபடி தளர்த்தி, முறுக்கி, விளையாட்டுச் செய்தியைக் கொடுத்தார்கள். முழுசாக வந்தது.

முதல் ஓட்டத்தில் மரை வெட்டக் கூடாது, கீற வேண்டும். பித்தளை மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பு அடித்து, டூலின் நுனி பட்டும் படாமல் ஒரு கோடு ஓடவிட்டு, பிட்ச் கேஜில் 14 என்று போட்ட தகட்டை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டின் பற்களெல்லாம் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தன. இதற்குப் பிறகும் ஒரு கண்டம் உண்டு. மில்லிமீட்டர் லீட் ஸ்க்ரூவில் இஞ்ச் மரை வெட்டும்போது டூலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத அளவுகள். திறந்து மறுபடி மூடினால் டூல் பழைய தடத்தை விட்டுப் புதுத் தடத்தில் இறங்கி, இருக்கிற மரையையும் தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மோட்டாரை நிறுத்தி, டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றவிட்டுத் தொடக்கத்துக்கு வர வேண்டும். முழு ஆழமான 1.162 மி.மீ.யை எட்டும்வரை போவதும் வருவதும். பித்தளைத் தூள் மணல் போலத் தெறித்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, மாவு மெஷின் ஏதும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கரண்ட் பில் மீட்டர் தனிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

துண்டு தயாரானது. ஒரு பழைய ஜி.ஐ. கப்ளிங்கில் கையாலேயே ஏறியது. எல்லா மரையும் ஏறியது. ஆய்வுக்குரியவர் அதை மறுநாள் பிளம்பரிடம் கொடுத்தார். சுவரைத் தொடும் வேலையை மட்டும் அவரிடம் விடுவது வீட்டுக்காரம்மாவின் நிபந்தனை. 50, 55, 35, 65 என்ற எண்களையும், மரைக்கு ஒரு மைக்ரான் பிழையையும், அதைத் தாம் ஏற்றுக்கொண்ட காரணத்தையும் ஆய்வுக்குரியவர் விளக்கினார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, பிளம்பர் பாக்கெட்டிலிருந்து டெஃப்லான் டேப்பை எடுத்து மரையின் மேல் சரசரவென்று சுற்றினார். அந்த டேப்பின் தடிமன் வழக்கமாக 0.075 மி.மீ. ஒரு சுற்றே நம் மொத்தப் பிழையைப் போல எட்டு மடங்கு. அவர் பல சுற்று சுற்றினார். தண்ணீர் நின்றது.

இதிலிருந்து டெஃப்லான் டேப் இருக்கையில் பல்சக்கரக் கணக்கே வேண்டாம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. லேத்தில் மாட்டியிருந்த சக்கரங்களை அப்படியே விட்டு, ஒன்றுக்கொன்று ஓட்டத்தில் வெட்டியிருந்தால் மரை 1.5 மி.மீ. விழுந்திருக்கும். அது சுவர் பைப்பில் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறாது; உலகத்து டேப்பையெல்லாம் சுற்றினாலும் நிற்காது. டேப் மைக்ரான்களை மன்னிக்கும். கால் மில்லிமீட்டரை மன்னிக்காது.

ஆகவே ஆய்வின் தீர்ப்பு: 1.5 மி.மீ. லீட் ஸ்க்ரூ கொண்ட வீட்டு லேத்தில் அரை இஞ்ச் குழாய் மரைக்கு 50, 55 ஓட்டட்டும். 35, 65 ஓடட்டும். முக்கால் இஞ்ச் குழாய்க்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான் என்பதால் இதே கோப்பு போதும். ஒரு இஞ்ச் குழாய்க்கு 11 மரை. அதற்கு வேறு கணக்கு, வேறு ஞாயிற்றுக்கிழமை. கட்சி எதுவானாலும், சக்கரத்தை மாற்ற மூடியைத் திறப்பதற்கு முன் லேத்தின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இந்த ஒன்றில் குரங்குக்குட்டிகளுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.